கடைசி உறையில் எழுதிய பெயர்

சந்திராவுக்கும் வசந்தாவுக்கும் அப்பா எழுதுவது.

சந்திரா, உன் கம்பெனி அந்த டைரக்டரின் முதல் மூன்று படங்களின் பாட்டுகளைத் தொகுத்து ஒரே பெரிய இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறது என்று எழுதியிருந்தாய். நான் கொடுத்தனுப்பிய பழைய ஆல்பத்தின் பதினோரு தட்டும் கீறல் விழாமல் வந்து சேர்ந்தன என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கடைசி உறையின் மேல் யாரோ பேனாவால் 'பாடியவர் மீனாச்சி' என்று எழுதியிருக்கிறார்களே, வேறு எங்கும் இந்தப் பெயர் கிடைக்கவில்லையே, நம்பி அட்டையில் அச்சடிக்கலாமா என்று கேட்டாய்.

எழுதிய அந்த யாரோ நான்தான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எழுத்து நேராக நிற்கும். உனக்கு அடையாளம் தெரியாததில் வியப்பில்லை.

அச்சடிக்கலாமா கூடாதா என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டால் இதே தவறை நீயும் ஒருநாள் செய்வாய். வானொலியில் தட்டுகளோடு வேலை பார்க்கிற வசந்தாவும் செய்வாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், சுருக்கி எழுதத் தெரியாது. அப்பா சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், உங்களுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஒருவன் சொல்வதாகப் படியுங்கள்.

மலாக்கா டவுனில் ஆற்றுக்கு அருகே இருந்த கிராமபோன் கடையில் நான் பதினெட்டு வருடம் நின்றேன். ஆல்பம் என்றால் அப்போது நிஜமாகவே ஒரு புத்தகம்தான். கெட்டி அட்டை, உள்ளே பன்னிரண்டு காகித உறை. புத்தகத்தை வெறுமையாக வாங்கிப்போய் அவரவர் இஷ்டப்படி தட்டுகளைச் சொருகிக்கொள்வார்கள். கல்யாணப் பாட்டுகள் ஒரு புத்தகம், சாமி பாட்டுகள் ஒரு புத்தகம். ஒரு டைரக்டரின் முதல் படங்களுக்கென்று ஒரு புத்தகம் கேட்டு வந்தவர் என் காலத்தில் ஒருவர்தான். தண்டபாணி மாமா.

காஜா பேராங்கில் நாம் குடியிருந்த வாடகை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டி மக்கள். பெயர் தமிழ், கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். நகராட்சி அலுவலகத்தில் பியூன். கோயிலில் தமிழ்ப் பாட்டுகளை ஒரு சொல் பிசகாமல் பாடுவார், அர்த்தம் கேட்டால் சிரிப்பார். அவர் என்னிடம் பேசியதெல்லாம் மலாய்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருடக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கு மீனாச்சி என்று ஒரு தங்கை. பதினேழு வயதில், இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கம்பெனியோடு போய்விட்டாள். அவர்கள் அப்பா அன்றோடு அவள் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்று வைத்துவிட்டார். மெட்ராஸிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. இந்த டைரக்டரின் படத்தில் பாடியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள், எந்தப் படம், எந்தப் பாட்டு என்று இல்லை. அடுத்து வந்தது வேறு யாரோ எழுதியது. காய்ச்சலில் போய்விட்டாள் என்று.

செட்டி மக்களுக்குப் பொங்கலுக்கு முதல் நாள் பார்ச்சு. செத்துப்போன குடும்பத்தாருக்கு அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து, சாமி அறையில் இலை போட்டுப் படைத்து, சாம்பிராணி காட்டி, திரையை இழுத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. மீனாச்சிக்கு இத்தனை வருடமும் அந்த வீட்டில் இலை போட்டதில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை முடியவில்லை. அந்த வருடம் அப்பாவும் போய்விட்டார்.

"இருபது வருஷமா வாசல்லயே நிக்கிறா. இலை போட்டா மட்டும் உள்ள வருவாளா? கோவக்காரி. அவ பாட்டை வெச்சாத்தான் தன்னைத்தான் கூப்புடுறாங்கன்னு அவளுக்குத் தெரியும்" என்றார்.

அதற்குத்தான் ஆல்பம். மூன்று படத்தின் எல்லாத் தட்டும் வேண்டும், அதில் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்ச்சுக்கு இரண்டரை மாதம் இருந்தது.

எல்லாம் சண்டைக்கு முந்தைய தட்டுகள். கடையில் ஒன்றுகூட இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் மண்ணில் புதைத்து வைத்தவர்கள் உண்டு, அடுப்பில் போட்டவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைந்தேன். உஜோங் பாசிரில் ஒரு வீட்டில் மூன்று கிடைத்தது. புக்கிட் ரம்பாய் பக்கம் தோட்டத்து லயத்தில் ஓர் அம்மா ஊறுகாய் ஜாடியை ஒரு தட்டால் மூடி வைத்திருந்தார். இது பாடுமா அம்மா என்று கேட்டேன். "பாடுறத விட்டு ரொம்ப நாளாச்சுப்பா, இப்ப நல்லா மூடுது" என்றார். நான் துடைத்துத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தடவுறானே" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தார். ஜாடிக்கு ஒரு மூடி வாங்கிக் கொடுத்துத் தட்டை வாங்கி வந்தேன். அதே லயத்தில் மூன்றாவது படத்தின் பாட்டுப் புத்தகமும் கிடைத்தது. நடிகர்கள் பட்டியலில் கீழே, 'தோழி: மீனாட்சி' என்று இருந்தது. தோழிக்கு ஒரே பாட்டு. அந்தத் தட்டு பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கணக்கெழுதும் ஒரு கெராணி வீட்டில், பார்ச்சுக்கு முதல் நாள் காலையில்தான் கிடைத்தது. அதோடு பதினொன்று.

அன்றைக்கு முதலாளி சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போயிருந்தார். கடையில் நான் மட்டும். மாமா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கிராமபோன் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கோயிலில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

மற்ற பத்துத் தட்டையும் அதற்கு முன்பே கேட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "புக்கான்" என்று தலையை ஆட்டியிருந்தார். மலாயில், இல்லை என்று. இந்தத் தட்டில் ஒட்டியிருந்த தாளில் படத்தின் பெயரும் பாட்டின் முதல் வரியும் மட்டும் இருந்தன. நான் ஊசியை வைத்தேன். முழுப்பாட்டும் கேட்டார்.

"புக்கான்" என்றார்.

நான் பாட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். இதுதான் அந்தப் பாட்டு, தோழி பாடுவது, தோழி மீனாட்சி என்று விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இன்னொரு முறை போடச் சொன்னார். இந்தக் குரல் மெல்லிசு, அவளுக்குக் கனமான குரல் என்றார். அவள் எந்தப் பாட்டைப் பாடினாலும் முடிவில் சொல் இல்லாமல் கொஞ்ச நேரம் இழுப்பாள், மிளகாய் அரைக்கும்போதுகூட இழுப்பாள், அது இதில் இல்லையே என்றார். தட்டில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் மாமா, இழுப்பதையெல்லாம் வெட்டிவிடுவார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் உண்மை என்பதால் நான் அதைச் சொல்லவில்லை. கைக்கு அகப்பட்டது என்பதால் சொன்னேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். முதலாளி ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் படத்துக்கு நடிக்கிற இடத்திலேயே பாடிவிடுவார்கள், தட்டுக்கு அப்புறம் வேறோர் அறையில் தனியாகப் பாட வைப்பார்கள், அன்றைக்கு அந்த ஆள் வராவிட்டால் கையில் கிடைத்த வேறு ஆளைப் பாட வைத்து அதே பாட்டாக விற்பார்கள் என்று. அது என் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் பார்ச்சு. அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். இருபது வருடத்துக்கு அப்புறம் ஒரு மனிதர் என் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் கையோடு எழுந்து போகப் போகிறார்.

பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சின்னப் பிடி ஒன்று உண்டு. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று, அதுதான் கணக்கு. பழைய கம்பெனிகளில் சில, வேகம் கொஞ்சம் முன்பின்னாகப் பதிவு செய்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில தட்டுகளில் அதுவும் உண்மை. மூன்றாவது முறை பாட்டு ஓடும்போது அந்தப் பிடியை மெல்ல, வேகம் குறையும் பக்கம் தள்ளினேன். குரல் கொஞ்சம் தடித்தது. தட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

அவர் கை தானாக எழுந்து பெட்டியின் மூடியைத் தொட்டது.

"இத்து டியா" என்றார். அதுதான், அவள்தான்.

நான் கையை எடுத்தேன்.

உறையின் மேல் அவள் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நீ பார்த்த எழுத்து அதுதான். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், அவருடைய பெட்டியிலும் அதே வேகத்துக்குப் பிடியைத் தள்ளி, நகராமலிருக்க அந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் நம் வீட்டு வாசலிலிருந்து கேட்டேன். சாம்பிராணி வாசனை தெருவரை வந்தது. குடும்பமே முன்வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே திரைக்குப் பின்னால் பாட்டு மட்டும் ஓடியது. உங்கள் அம்மா இடுப்பில் சந்திராவை வைத்துக்கொண்டு, பெரிய புண்ணியம் செஞ்சீங்க என்றாள்.

முதலாளி திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எத்தனையில வெச்சே?"

"எழுபத்திரண்டு இருக்குங்க."

"பிளேட்டு எழுபத்தெட்டுல பாடிச்சு. மிச்சம் ஆறு யாரு பாடுனா?"

போய் அவர்கிட்ட சொல்லிடு என்றார். அதே வாரம் போயிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். போகவில்லை. மாமா தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் வைத்து அவித்த குவே பலகாரம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அது மீனாச்சிக்குப் பிடித்ததாம். அதைச் சாப்பிட்ட பிறகு எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். பிள்ளைகளே, தவறு செய்த நாளில் அது சின்னதாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வாரமும் நான்தான் அதை வளர்த்தேன்.

சுதந்திரம் வந்து சில வாரம் இருக்கும். தெருவில் கட்டிய கொடிகள் மழையில் நனைந்து வெளுத்துத் தொங்கின. டவுனில் ஒரு தியேட்டரில் பழைய படம் ஒன்றை ஒரே நாளைக்கு, பகலில் இரண்டு காட்சி போட்டார்கள். மாமா நோட்டீஸைக் கொண்டுவந்து இது என்ன படம் என்று என்னிடம் கேட்டார். அந்த மூன்றாவது படம். வேறு ஏதோ என்று சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்காவது பொய் வாயில் வரவில்லை. இரண்டு பேரும் போனோம்.

தோழி ஒரு குளக்கரையில் உட்கார்ந்து பாடுகிறாள். கனத்த குரல். தட்டில் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மெட்டு மட்டும்தான் ஒன்று. சொற்கள் முடிந்த பிறகு, தண்ணீரைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் சொல் இல்லாமல் இழுத்தாள். அரை நிமிடம் இருக்கும். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, பாட்டையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அவர் பிடி எவ்வளவு இறுகுகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

படம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த காட்சியும் பார்க்கலாம் என்றார். பார்த்தோம். குளக்கரை வந்தது, தோழி வந்து உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள். அடுத்த நொடி வேறு காட்சி ஓடியது. பாட்டை வெட்டிவிட்டார்கள்.

நான் மேலே ஓடினேன். படம் ஓட்டுகிறவர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டே பேசினார். ரீல் பெட்டி சாயங்கால பஸ்ஸில் மூவார் போக வேண்டும், நேரமில்லை, அதனால் பாட்டு ரீல்களை விட்டுவிட்டேன் என்றார். அந்த ஒரு ரீலை மட்டும் ஓட்டச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒரு பாட்டுதானேண்ணே. பிளேட்டு வாங்கிக் கேட்டுக்குங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை. நானும் அதையே விற்றுத்தான் சம்பளம் வாங்கினேன். நாங்கள் தியேட்டர் வாசலில் நிற்கும்போதே பெட்டி பஸ்ஸில் ஏறிவிட்டது. அந்தப் படம் மறுபடி மலாக்காவுக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு பிரதிகூட இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

மறுநாள் காலை, கடை திறக்கும்போது மாமா ஆல்பத்தோடு நின்றிருந்தார். நானே முந்திக்கொண்டு பிடியைத் தள்ளியதைச் சொன்னேன். தெரிஞ்சே செஞ்சியா என்று கேட்டார். சந்தேகம் இருந்தது என்றேன்.

"அப்புறம் ஏன்?"

"உங்க முகத்தப் பாத்தேன் மாமா."

"முகத்தப் பாக்கவா உன்கிட்ட வந்தேன்? பிளேட்டப் பாக்கச் சொன்னேன்." குரலை உயர்த்தவில்லை. பிறகு சொன்னார்: "யாரோ ஒருத்தியக் கூப்பிட்டு உள்ள உக்கார வெச்சுச் சோறு போட்டிருக்கேன். இவ அதையும் வாசல்ல நின்னு பாத்திருப்பா."

ஆல்பத்தைக் கவுண்டரில் வைத்தார். நான் அந்தக் கடைசித் தட்டை உருவி எறியப் போனேன். கையைத் தடுத்தார். அதைப் பாடியவளும் ஒரு வீட்டுப் பெண்தான், அவளைத் தேடுகிறவர்களும் எங்காவது இருப்பார்கள், பத்திரமாக வை என்றார். அப்படித்தான் அந்த ஆல்பம் நம் வீட்டுக்கு வந்தது. நீங்கள் இருவரும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு வளர்ந்தீர்கள். நான் ஒருநாளும் கூட உட்கார்ந்து கேட்டதில்லை, கவனித்தீர்களோ என்னவோ.

அடுத்த பார்ச்சுக்கு மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகக் கால் வரவில்லை. உங்கள் அம்மாதான் போங்க என்று தள்ளிவிட்டாள். இலை போட்டாகிவிட்டது, திரை இழுத்தாகிவிட்டது. பெட்டியைக் காணோம். எல்லோரும் முன்வாசலில். மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு தியேட்டரில் அந்தக் குரலை அவளுடையது என்று தெரிந்து கேட்டவர்கள் உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் என்றார். கடைசியில் அவள் இழுத்தாளே, அது இப்படியா என்று மெதுவாக முனகிக் காட்டினார். கீழிருந்து மேலே போய் நின்றது. இல்லை இப்படியா என்று இன்னொரு விதமாகக் காட்டினார். அது மேலே போய்த் திரும்பக் கீழே வந்தது. ஒரு மாதமாக இரண்டும் மாறி மாறி வருகிறது, எது அவள், எது நானாகச் சேர்த்தது என்று தெரியவில்லை என்றார்.

"நீ பாட்டுத் தொழில்காரன். சொல்லு."

இரண்டாவது விதம் அழகாக இருந்தது. அவர் கண்ணும் அதைத்தான் கேட்டது. அதுதான் மாமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் முகம் அன்று கடையில் மலர்ந்தது போல மலரும். என் கை, பெட்டி இல்லாமலே, அந்தப் பிடியைத் தேடியது.

"எனக்குத் தெரியல மாமா" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா, இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து திரைக்கு வெளியே, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் விதத்தை முனகினார். கொஞ்சம் நிறுத்தி, இரண்டாவதையும் முனகினார். உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அவர் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் இரண்டையும்தான் பாடினார்.

சந்திரா, உன் கேள்விக்கு வருகிறேன். அட்டையில் மீனாச்சியின் பெயரைப் போடாதே. பாடியவர் பெயர் தெரியவில்லை என்று போடு. அது வெறும் இடத்தை நிரப்பும் வரி என்று உங்கள் ஆபீஸில் சொல்வார்கள். விடாதே. தட்டை எழுபத்தெட்டில் ஓட்டு, ஓட்டிவிட்டுக் கையை எடுத்துவிடு. அந்த உறையில் இருக்கும் என் எழுத்தை அழிக்க வேண்டாம். குறுக்கே ஒரு கோடு மட்டும் போடு, கீழே இருப்பது தெரிகிற மாதிரி. அதை நீயே போட்டுவிடு. இப்போது என் கை நடுங்குகிறது.